களியக்காவிளைப் பட்டறையில் செய்து வாங்கிய ஜன்னல் கொசுவலை: பதினொரு மாதத்துக்குப் பிறகு

களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில், ரப்பர் விளைகளுக்குள் ஒதுங்கி நிற்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் ஒன்பது ஜன்னல்களுக்கும் நான்கு வென்டிலேட்டர்களுக்கும் சென்ற ஆண்டு ஜூலையில் அலுமினியச் சட்டமிட்ட கொசுவலை போட்டோம். தமிழக, கேரள எல்லையை ஒட்டி அண்ணன் தம்பி இருவர் நடத்தும் ஒரு சிறு பட்டறையில் செய்து வாங்கியது அது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மண் எங்களுடையது என்பதால், இரண்டிலும் வலை எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

வலை போட வேண்டிய அவசரம் அப்பாவால் வந்தது. அதற்கு முந்தைய மாதம் அவருக்கு டெங்கு கண்டது. ஐந்து நாள் காய்ச்சல். இறங்கிய பிறகுதான் தட்டணுக்கள் குறையத் தொடங்கின. வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் கூடாது, இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீடு திரும்பும் நாளில் அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோய் வந்து தேறியவருக்கு அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நிலைக்குமே தவிர மற்ற மூன்றுக்கும் நிலைக்காது. அடுத்த முறை வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த இரண்டாம் முறை வரவே கூடாது என்பதுதான் எங்கள் கணக்காக இருந்தது.

இதற்கு முன்பும் ஒரு வலை போட்டிருந்தோம். சந்தைப் பக்கத்துக் கடையொன்றில் சதுர அடி 80 ரூபாய்க்கு வாங்கிய, வெல்க்ரோவில் ஒட்டும் வகை. மேற்குச் சுவரில் சாரல் அடிக்கத் தொடங்கியதும் வெல்க்ரோவின் பசை இளகி, ஒவ்வொரு ஜன்னலிலும் கீழ் மூலைகள் இரண்டும் கழன்று, சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விழுந்துவிட்டது. கொசு உள்ளே வர அதுவே தாராளம். வந்த கொசு வெளியே போக வழி தெரியாமல் வலையின் உட்புறத்திலேயே அமர்ந்திருக்கும். கடைக்காரரிடம் சொன்னபோது, மழை நனையும் இடத்தில் போட்டது எங்கள் தவறு என்றார். இந்த ஊரில் மழை நனையாத ஜன்னல் எங்கே இருக்கிறது?

பட்டறைக்காரர்கள் வேலையைத் தொடங்கிய விதமே வேறாக இருந்தது. வெட்டுக்கல் சுவரில் பதித்த பழைய மர ஜன்னல்கள் கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்தாலும் சதுரமாக இருப்பதில்லை. அண்ணன் ஒவ்வொரு ஜன்னலையும் மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் அளந்தார். அடுக்களை ஜன்னலில் மேலுக்கும் கீழுக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. “ஒரு மூலையில விட்டா ஒன்பது ஜன்னலும் வீண், அம்மா” என்று என் தாயாரிடம் சொல்லிக்கொண்டே, அந்த அரை அங்குலத்துக்கு ஏற்பச் சட்டத்தைச் சாய்வாக அறுத்துக்கொண்டு வந்தார். சட்டம் நகரும் விளிம்புகளில் அடர்ந்த மயிர்ப் பட்டை வைத்து, சுவரும் சட்டமும் சேரும் இடத்தைச் சிலிக்கான் பசையால் அடைத்தார்கள். கொசுவலையின் தரம் அதன் ஓரங்களில்தான் இருக்கிறது என்பதை இந்தப் பதினொரு மாதத்தில் முழுமையாக ஒப்புக்கொண்டேன்.

வலை, பிவிசி பூசிய கறுப்பு ஃபைபர் கிளாஸ். ஓர் அங்குலத்துக்கு ஒருபுறம் 18, மறுபுறம் 16 கண்கள். அதாவது சதுர அங்குலத்துக்கு 288. படுக்கைக் கொசுவலைக்குச் சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது வழக்கமான அளவு என்பதால், கொசுவைத் தடுக்க இதுவே போதும். இன்னும் நெருக்கமான வலையும் அவர்களிடம் இருக்கிறது; அதைக் கேட்டு வாங்காதீர்கள், காற்று குறைந்து அறை புழுங்கும். புழுங்கினால் வீட்டிலுள்ளவர்கள் வலையைத் திறந்துவிடுவார்கள். சாம்பல் நிறத்தைவிடக் கறுப்பு நிறத்தின் வழியே வெளிப்புறம் தெளிவாகத் தெரிகிறது என்பதும் உண்மை. திண்ணையை ஒட்டிய அறையில் படுத்தபடியே முற்றத்து மாமரத்தை அப்பாவால் பார்க்க முடிகிறது.

எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜன்னல்களைச் சாத்தி, விடிந்ததும் திறந்துவிடும் பழக்கம் உண்டு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸுக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸுக்கும் அது பொருந்தும். அவை இருட்டிய பின் கடிப்பவை. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் அந்திக்கு முந்தைய மணிகளிலும் அதன் வேகம் கூடுதல். நாம் ஜன்னலைத் திறந்து வைக்கும் நேரம்தான் அதன் நேரம். எனவே இந்த வலையால் எங்களுக்குக் கிடைத்த பெரிய பயன் இரவில் அல்ல, பகலில்தான். அப்பா மதியம் உணவுக்குப் பின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்குகிறார். மாதம் இரண்டு வாங்கிக்கொண்டிருந்த கொசுவிரட்டித் திரவம் இப்போது வாங்குவதில்லை. வீட்டில் யாருக்கேனும் டெங்கு வந்தால், காய்ச்சலின் முதல் சில நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்ளும். அப்போது நோயாளியைப் பகலிலும் வலைக்குள் வைப்பது மற்றவர்களைக் காப்பதற்காகவும்தான்.

இனி குறை. சிறு குறை என்று இதை நான் ஒதுக்க மாட்டேன். மேற்குப் பக்கத்து மூன்று ஜன்னல்களின் கதவுகள் உட்புறமாகத் திறப்பவை என்பதால் வலைச் சட்டத்தை வெளிப்புறம் பொருத்தியிருந்தார்கள். அக்டோபர் மழையில் ஒரு நாள் அந்தச் சட்டத்தின் அடித்தடத்தைத் துடைக்கப் போனபோது, விரல் தடிமனுக்குத் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தேன். டார்ச் அடித்ததும் அதற்குள் ஆறேழு புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கின. பாறசாலைப் பக்கத்து ஆஷா பணியாளர்கள் (வீடுவீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள்) ‘கூத்தாடி’ என்று சொல்வார்களே, அதேதான். கொசுவைத் தடுக்கக் காசு கொடுத்துப் போட்ட சட்டமே கொசுவை வளர்த்துக்கொண்டிருந்தது கண்டு உண்மையாகவே கோபம் வந்தது. தொலைபேசியில் சொன்ன மூன்றாம் நாள் தம்பி வந்தார். மறுத்துப் பேசவில்லை. மூன்று சட்டங்களையும் கழற்றி, அடித்தடத்தில் வெளிப்புறம் சரிவாக ஓரடி இடைவெளிக்கு ஒரு துளை போட்டு, பணம் வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு தண்ணீர் தேங்கவில்லை. நீங்கள் செய்து வாங்குவதானால், வெளிப்புறச் சட்டத்துக்கு வடிகால் துளை வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறுதோறும் பழைய பல்துலக்கியால் அந்தத் தடத்தைத் தேய்க்கிறேன். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்த முடியாது.

மொத்தம் 118 சதுர அடி, சதுர அடி 190 ரூபாய் வீதம் 22,420 ரூபாய் ஆனது. வெல்க்ரோவின் இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் அந்த வெல்க்ரோ ஒரே மழையில் போயிற்று.

வீட்டுக்கு வெளியே இந்த வலையால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் விளையில் ஏறத்தாழ 300 ரப்பர் மரங்கள். பால் பிடிக்க மரத்துக்கு ஒரு சிரட்டை. மழையில் பால்வடிப்பு நின்றுபோனால், அந்தச் சிரட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும், தோட்டங்களில் பெருகும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் அதில் முட்டையிடும். 2007இல் கேரளத்தைப் படுத்திய சிக்குன்குனியாவை வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததில் இந்தக் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக, ஏடிஸ் பரப்பும் இன்னொரு நோயான ஜிகா உறுதியானதும் எங்களுக்கு அருகிலுள்ள பாறசாலைப் பகுதியில்தான். எனவே வலைக்குச் செலவிடும் முன்பும் பின்பும் சிரட்டைகளைக் கவிழ்க்கும் வேலை அப்படியே இருக்கிறது. பால் எடுக்க விடியற்காலையில் வரும் அக்காவுக்கு ஜன்னல் வலை உதவாது. முழுக்கைச் சட்டையும் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பும்தான் அவருக்குத் துணை, அந்தக் களிம்பை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம்.

அடுக்களைக் கதவுக்கு வலை போடாதது எங்கள் பிழை. நாளுக்கு நாற்பது முறை திறக்கும் அந்தக் கதவு வழியாக இன்னும் கொசு வருகிறது. தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் வைத்த வலைக்கதவுக்குச் சென்ற வாரம் அண்ணன் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். இந்த முறை வடிகால் துளையை அவரே முதலில் சொன்னார்.