நானோ தூள் கலந்த ஜிஐசி: குமரி மாவட்டக் கிளினிக்குக்கு ஒத்துவருமா?

பல் குழியை அடைக்கும் சாதாரண ஜிஐசி (கிளாஸ் அயனோமர்) சிமென்டில் நானோ ஹைட்ராக்சிஅபடைட்டோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்தால் பலம் கூடுமா? கூடும், ஆய்வுக்கூடத்தில். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மேசைமேல் வைத்துக் கையால் கலக்க அந்தத் தூளை வாங்காதீர்கள்.

சிக்கல் அளவில்தான். ஜிஐசியின் கண்ணாடித் துகள்கள் மைக்ரான் கணக்கில் பெரியவை. இடையில் நானோ துகள் புகுந்து அடைப்பதால் பலம் ஏறுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு எடையில் 3 அல்லது 5 சதவீதம் சேர்த்தபோது ஏறிய பலம், 7 சதவீதத்தில் இறங்கிவிட்டது. அத்தனை துகளையும் நனைக்க சிமென்டின் திரவத்திலுள்ள பாலிஅக்ரிலிக் அமிலம் பற்றாது. நனையாத தூள் கட்டிகட்டியாகத் திரளும், விரிசல் அங்கேதான் தொடங்கும். கையால் கலக்கும் ஜிஐசியான ஃபூஜி 9-ல் ஒரு ஸ்கூப் தூள் ஏறத்தாழ 0.36 கிராம். அதில் 3 சதவீதம் வெறும் 11 மில்லிகிராம். அதை நிறுக்கும் தராசு எந்தக் கிளினிக்கில் இருக்கிறது? பாட்டிலில் மொத்தமாகக் கொட்டிக் குலுக்கினாலும் ஒரு ஸ்கூப் போல இன்னொன்று வராது.

கம்பெனியே கலந்து தரும் கீடாக் நானோ போன்றவை வேறு ரகம். இரண்டு பேஸ்ட், அளவு தானாக வரும். பல்லில் முதலில் பூசும் பிரைமரை 15 விநாடி தடவி, காற்றூதி உலர்த்தி, 10 விநாடி லைட் காட்ட வேண்டும், கழுவக் கூடாது. பேஸ்ட் 2 மி.மீ. அடுக்குகளாக, அடுக்குக்கு 20 விநாடி. ஈறோரத் தேய்மானத்துக்கும் பால் பல்லுக்கும் நன்றாக இருக்கும், பாலிஷும் வழுவழுவென்று வரும். பெரியவர்களின் கடைவாய்ப்பல்லில் கடி விழும் இடத்துக்கு வேண்டாம்.

உண்மையில் இங்கே பலத்தைக் கெடுப்பது வெக்கையும் ஈரமும்தான். ஃபூஜி 9-க்குச் சொல்லும் 2 நிமிட வேலை நேரம் 23 டிகிரிக்கு உரியது. ஏசி இல்லாத அறையில் அது கிடைக்காது. குளிரவைத்த கண்ணாடிப் பலகை உதவும், ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் நம் காற்றில் அது வியர்க்கும். துடைக்காமல் கலந்தால் அந்த நீரே சிமென்டை இளக்கிவிடும். பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவால் தூளை இரண்டு பாதியாகச் சேர்த்து, 25 முதல் 30 விநாடிக்குள் முடியுங்கள். பளபளப்பு போய்விட்டதா, எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பல்லைப் பிடிக்கும் அமிலம் அதில் தீர்ந்திருக்கும். வைத்ததும் வார்னிஷ் பூசுங்கள். அன்று முழுக்க அந்தப் பக்கம் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.