கிரிக்கெட் 07 ஓட வைக்கிறோம் என்று லப்டொப்பைக் கழுவித் தருகிறார்கள் – திருமலைக்காரர் கவனம்

பழைய கேம் எதையாவது புது லப்டொப்பில் ஓட வைக்க வேண்டும் என்று திருகோணமலை டவுனுக்குள் கடை தேடுகிறவர்கள், லப்டொப்பைக் கையில் கொடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள், அதனால் பேச்சை மட்டும் எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் மாமா 2007இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த ஒரிஜினல் டிஸ்க், ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07. 2006 கடைசியில் வந்த கேம், ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை செய்வார்கள், அந்த வரிசையில் அதுதான் கடைசி. அதற்குப் பிறகு எத்தனையோ கிரிக்கெட் கேம் வந்தும் நம்ம பக்கத்துப் பொடியங்கள் இன்னும் அதை விடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். என் லப்டொப் எட்டாம் தலைமுறை கோர் ஐ5, விண்டோஸ் 11, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றில் டிஸ்க்கைப் போட்டு ஏற்றினேன், ஏறியது. ஐகனை அழுத்தினால் கர்சர் ஒரு சுற்றுச் சுற்றும், அவ்வளவுதான்.

கடையில் இருந்த தம்பி டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது லெவன்ல எந்தக் காலத்திலயும் ஓடாது அண்ணா, செவன் அடிச்சுத் தந்தா சும்மா பறக்கும்" என்றார், அதாவது 11ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போடுவதாம். டெஸ்க்டொப்பிலும் டொகியுமன்ட்ஸிலும் படங்கள் இருக்கு, எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கோ என்று சொன்னேன். "ஒண்டும் போகாது அண்ணா, அது எங்கட பொறுப்பு." பில் கேட்டதற்கு வேலை முடிய எழுதித் தாறம் என்றார்கள்.

இரண்டொரு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, "அண்ணா ஓடுது, வந்து எடுங்கோ" என்று. கேம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வீடியோவில் மெனுவுக்குப் பின்னால் ஐபிஎல் அணிகளின் சின்னங்கள் வரிசையாக நின்றன. ஐபிஎல் தொடங்கியதே 2008இல், 2006இல் வந்த டிஸ்க்கில் அது எப்படி வரும்? ரசிகர்கள் செய்து இலவசமாக விடும் பேட்ச் அது, யாரோ பென் டிரைவில் வைத்திருந்த கள்ளக் கொப்பிக்கு மேலே பூசியது. இன்னும் கவனித்துப் பார்த்தால் திரையின் ஓரத்தில் மொனிட்டரின் தடித்த கறுப்பு விளிம்பும் அதன் கீழே ஒரு பவர் பட்டனும் தெரிந்தது. என் லப்டொப்பில் அப்படி ஒரு விளிம்பும் இல்லை, பட்டனும் இல்லை. கடை மெஷினில் ஓட்டி வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

போய் 9,500 ரூபா கொடுத்துத்தான் லப்டொப்பை எடுக்க முடிந்தது, கொடுக்காமல் தரமாட்டோம் என்றார்கள். அதில் ஓஎஸ் (விண்டோஸ்) அடித்ததற்கு 3,000, கேமுக்கு 3,500, மிச்சம் 3,000 "கிராபிக்ஸ் சொஃப்ட்வெயாருக்கு" என்று வாயால் கணக்குச் சொன்னார்கள். பில் என்று கிடைத்தது விசிட்டிங் கார்ட்டின் பின்பக்கத்தில் "சேர்விஸ் 9500" என்ற ஒரு வரி, அதுவும் நான் விடாமல் நின்றதால்.

வீட்டில் கொண்டுவந்து திறந்தால் வைஃபை இல்லை. திரை இழுத்து நீட்டிய மாதிரி, முகங்கள் எல்லாம் அகலமாக. மெஷினின் பாகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் அடையாளங்கள், டிஸ்பிளே என்ற இடத்தில் "ஸ்டாண்டர்ட் விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்". அந்த 3,000 ரூபா கிராபிக்ஸ் சொஃப்ட்வெயார் இதுதான் போல. இந்தப் பெயர் உங்கள் மெஷினில் தெரிந்தால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், ஏறவில்லை என்று அர்த்தம், அந்த நிலையில் 3டி கேம் எதுவும் ஓடாது, அது 2006இல் வந்ததாக இருந்தாலும் சரி. எட்டாம் தலைமுறைச் சிப்பின் கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் கொடுக்கவே இல்லை. அதாவது கேம் ஓட வேண்டும் என்று சொல்லி, அந்தக் கேம் ஓடவே முடியாத ஒரு ஓஎஸ்ஸைப் போட்டுத் தந்திருக்கிறார்கள். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டது என்பது தனிக்கதை. அதை அக்டிவேட் பண்ண ஏதோ ஒரு கள்ள அக்டிவேட்டரைப் போட்டிருந்தார்கள், அன்டிவைரஸ் என்று ஒன்றும் இல்லை, பிரவுசரைத் திறந்தால் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. இப்படி ஒரு மெஷினில் பாங்க் அக்கவுன்டைத் திறந்து பார்க்கச் சொன்னால் நான் ஓடிவிடுவேன்.

படங்கள் இல்லை. அக்காவின் மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் முழுக்க டெஸ்க்டொப்பில்தான் கிடந்தன. கேட்டதற்கு, "டி டிரைவ்ல கை வைக்கேல்ல அண்ணா" என்கிறார்கள். டெஸ்க்டொப்பும் டொகியுமன்ட்ஸும் சி டிரைவில் இருக்கும் என்பது கம்பியூட்டர் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாதா? பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ரிக்கவரி மென்பொருள் போட்டுக் கொஞ்சமாவது மீட்கலாம், இப்போதைய லப்டொப்களில் அதற்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் ஃபோமட் அடித்தால் ட்ரிம் என்ற வசதி பழைய தரவைத் துடைத்துவிடும், மீட்பது அநேகமாக நடக்காத காரியம். படம் எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் கொப்பி இருந்ததால் தப்பினோம்.

கேம் ஓடவில்லையே என்று திரும்பக் கேட்டபோது, லப்டொப்பில் கிராபிக்ஸ் காட் பத்தாது, 18,000 தந்தால் போட்டுத் தாறம் என்றார்கள். மதர்போர்டோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் உள்ள லப்டொப்பில் எதைக் கழற்றி எதைப் போடப் போகிறார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. பழையபடி விண்டோஸ் 11ஐயே போட்டுத் தாங்கோ என்றால் அதற்கு வேறு காசாம், லைசன்ஸும் வாங்க வேண்டுமாம்.

லைசன்ஸ் வாங்கத் தேவையே இல்லை. விண்டோஸ் 11 அக்டிவேட் ஆகி இருந்த லப்டொப் என்றால் அந்த உரிமம் மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவ் செய்து தரும் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் போட்டு, பயோஸில் கடைக்காரர்கள் நிறுத்தி வைத்திருந்த செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியையும் திரும்ப இயக்கி, அதே எடிஷனை ஏற்றினார். இன்டர்நெட் வந்ததும் தானாகவே அக்டிவேட் ஆகிவிட்டது. செலவு தேநீரும் வடையும்.

சரி, 11இல் பழைய கேம் ஓடவே ஓடாதா? கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆட்களை ஏமாற்றுவதும் அந்தப் பாதியை வைத்துத்தான். 2000களில் வந்த பல டிஸ்க் கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற கொப்பிப் பாதுகாப்பு இருந்தது, அது செக்டிரைவ் என்ற ஒரு டிரைவரை நம்பி ஓடுகிறது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8இலும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த வகை டிஸ்க் என்றால் அப்டேட் ஆன விண்டோஸ் 7உம் உங்களைக் காப்பாற்றாது. செவன் அடித்தால் பறக்கும் என்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மற்றப்படி பெரும்பாலான கோளாறுகள் வீட்டிலேயே காசில்லாமல் தீர்பவை. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் ஃபைல் காணவில்லை என்று வந்தால் மைக்ரோசொஃப்டின் தளத்தில் கேம்களுக்குத் தேவையான அந்த ஃபைல்களைத் தரும் டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம், 2010 ஜூன் பதிப்பு இருக்கிறது, அதை ஏற்றினால் போதும், இருக்கிற டைரக்ட்எக்ஸ் 12ஐ அது ஒன்றும் செய்யாது. தனி டிஎல்எல் ஃபைலை மட்டும் தருகிற தளங்கள் பக்கம் போகாதீர்கள். கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஏற்றாமல் சியில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் திறந்து அதில் ஏற்றுங்கள், பழைய கேம்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும், புது விண்டோஸ் அதை விடாது. அப்புறம் ஐகனில் ரைட் கிளிக் பண்ணி, புரொப்பர்ட்டீஸுக்குள் போய், கம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3ஐத் தெரிவு செய்து பாருங்கள். கறுப்புத் திரை, நிறம் குழம்புவது மாதிரிப் பிரச்சினை என்றால் டிஜிவூடூ 2 என்ற இலவச மென்பொருள் பல கேம்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நான் கடைசியில் லப்டொப்போடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். நண்பனின் அலுவலகத்தில் கழித்து ஒதுக்கிய கோர் 2 டியோ டெஸ்க்டொப் ஒன்றை 6,000 ரூபாவுக்கு எடுத்து, அதில் இருந்த எக்ஸ்பியிலேயே டிஸ்க்கைப் போட்டேன், முதல் அழுத்திலேயே ஓடியது. அதை இன்டர்நெட்டில் இணைக்கவில்லை, நீங்களும் எக்ஸ்பி மெஷினை இணைக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படிச் செவன் அடித்து வாங்கியவர்கள், அந்த மெஷினில் லொகின் பண்ணிய பேஸ்புக், ஜிமெயில், பாங்க் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் வேறு ஒரு சுத்தமான போனிலிருந்து மாற்றிவிடுங்கள். கடைக்குக் கொடுக்கும் முன்பு என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு, எந்த ஃபைலை வைத்துத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. தர மறுத்தால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நான் அழைத்தேன், எழுத்திலும் கொடுத்துவிட்டேன். விசிட்டிங் கார்ட், வாட்ஸ்அப் வீடியோ, டிவைஸ் மனேஜர் படம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நேற்றுக் கடைக்காரர் வொய்ஸ் ஒன்று அனுப்பியிருந்தார், 3,000 தாறன், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ என்று. 9,500உம் வந்த பிறகு பேசுவோம் என்று பதில் போட்டிருக்கிறேன்.