கறுப்பு ஐபிஏவா, ஸ்டவுட்டா?

அமெரிக்காவின் ஓரிகன் பக்கம் சொந்தமாக பீர் காய்ச்சும் உணவகம் ஒன்றில் போய் உட்கார்ந்தால், குழாய் பீர் பட்டியலில் கறுப்பாகக் குறைந்தது இரண்டு இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று வறுத்த பார்லி சேர்த்த ஸ்டவுட், இன்னொன்று கறுப்பு ஐபிஏ, அதாவது ‘இந்தியா பேல் ஏல்’ என்ற கசப்பான பீரின் கறுப்பு வடிவம். அந்தப் பக்கத்தில் சிலர் இதையே ‘கஸ்கேடியன் டார்க் ஏல்’ என்று எழுதி வைத்திருப்பார்கள், குழம்ப வேண்டாம். கிளாஸில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கண்ணால் சொல்வது கஷ்டம். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் பழுப்பேறிய நுரை. மூக்குதான் பிரித்துச் சொல்லும்.

நல்ல கறுப்பு ஐபிஏவில் முதலில் எழுவது ஹாப்ஸ் வாசனை; பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூதான் ஹாப்ஸ். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளினால் விரலில் ஒட்டுமே, அந்த வாசம். கூடவே கொஞ்சம் பைன் பிசின். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வெளிர்நிற ஐபிஏ என்றே தோன்ற வேண்டும். விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் லேசாக டார்க் சாக்லேட் தட்டினால் போதும். ஸ்டவுட்டில் இந்த வரிசை தலைகீழ்: காபியும் கருகிய ரொட்டி ஓரமும் முன்னால், ஹாப்ஸ் பின்னால். அமெரிக்க ஸ்டவுட்டில் ஹாப்ஸ் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1980இல் முதன்முதலில் காய்ச்சியதே ஒரு ஸ்டவுட்தான். அவர்களுடைய ஸ்டவுட்டைக் குடித்தால் இது புரியும்.

வித்தியாசம் வறுவலில் தொடங்குகிறது. ஸ்டவுட்டுக்குக் கருக வறுத்த பார்லி. அந்தக் கருகல்தான் அதன் அழகே. கறுப்பு ஐபிஏ காய்ச்சுகிறவர்களுக்கு நிறம் வேண்டும், கருகல் வேண்டாம். அதனால் பலரும் உமி நீக்கி வறுத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) தேடிப் போகிறார்கள். ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்து வையர்மன் ஆலையின் ‘காராஃபா ஸ்பெஷல்’ இதில் பேர்போனது. சிலர் வறுத்த மால்ட்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, டிகாக்‌ஷன் மாதிரி வடித்துச் சேர்ப்பதும் உண்டு. இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது: வறுவல் கசப்பும் ஹாப்ஸ் கசப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், கடைசியில் நாக்கில் சாம்பல்தான் மிஞ்சும். நான் குடித்த சுமாரான கறுப்பு ஐபிஏக்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்கின.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வெர்மாண்ட் மாநிலத்து பர்லிங்டனைச் சேர்ந்த கிரெக் நூனன். காலம் 1990களின் தொடக்கம். பரவலாகப் பேசவைத்ததில் கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2007இல் தன் 11ஆம் ஆண்டுக்காகக் காய்ச்சிய பீருக்குப் பெரிய பங்கு உண்டு. 8.7 சதவீத ஆல்கஹால், சும்மா இல்லை. அப்புறம் கலங்கலான ஐபிஏ அலை வந்தது, கறுப்பு ஓரங்கட்டப்பட்டது.

பழசானால் தாங்குவது ஸ்டவுட்தான். ஹாப்ஸ் வாசனை சில மாதங்களில் மங்கிவிடும். பழைய கறுப்பு ஐபிஏவில் கசப்பு இருக்கும், மணம் இருக்காது. எப்போது பீப்பாயில் அடைத்தது என்று பரிமாறுபவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உணவகங்களில் ரொம்பச் சில்லென்று கொடுப்பார்கள், அந்தக் குளிரில் இரண்டுமே ஊமை. பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஸ்டவுட் திறந்துகொண்டு இன்னும் நன்றாகும். கறுப்பு ஐபிஏவில் மறைந்திருந்த கருகல் வெளியே வரும். அது நல்லதா கெட்டதா என்பது காய்ச்சினவர் கையில்.

சாப்பாட்டோடு என்றால், தணலில் சுட்ட மாட்டிறைச்சி, பர்கர், நீலப் பூசணச் சீஸ் இவற்றுக்குக் கறுப்பு ஐபிஏ. கொழுப்பை அந்தக் கசப்பு வழித்துக்கொண்டு போய்விடும். சிப்பிக்கும் சாக்லேட் கேக்குக்கும் ஸ்டவுட். காரமான தட்டு எதிரே இருந்தால் கறுப்பு ஐபிஏவைத் தொடாதீர்கள், ஹாப்ஸ் கசப்பு எரிச்சலைக் கிளப்பிவிடும். அங்கே ஜெர்மானியக் கறுப்பு லாகரான ஷ்வார்ட்ஸ்பியர் நல்லது. 4.8 சதவீதம் கொண்ட கோஸ்ட்ரிட்ஸர் போன்றது சாப்பாட்டோடு மல்லுக்கட்டாது.

என்னைக் கேட்டால், முதல் கிளாஸுக்குக் கறுப்பு ஐபிஏ, சாப்பாடு முடிந்தபின் ஸ்டவுட். முழு கிளாஸ் சொல்வதற்கு முன் ருசி பார்க்க ஒரு சின்ன கிளாஸ் கேளுங்கள். கறுப்பு ஐபிஏ என்று தந்ததில் காபி வாசனை முதலில் வந்தால், அதை வைத்துவிட்டு ஸ்டவுட்டையே சொல்லிவிடுங்கள்.