அப்பாவின் காரும் வைப்பர் ஸ்விட்சும்

விடுப்பில் ஊருக்கு வந்த இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவின் பழைய காரை எடுத்தேன். மெதுவான ஓட்டத்தில் வைப்பர் அசையவே இல்லை. வேகமான நிலைக்குத் தள்ளினால் ஓடியது. அணைத்தால் கண்ணாடியின் நடுவில், பார்வைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. ஆறு மாதமாக அப்பா இப்படித்தான் ஓட்டியிருக்கிறார். "கீழே இறங்கும் நேரம் பார்த்து அணைத்தால் போதும்" என்றார். எழுபதைத் தாண்டியவர் மழையில் சாலையைப் பார்ப்பாரா, வைப்பரைப் பார்ப்பாரா?

முதலில் போன பெரிய பணிமனையில் சோதித்துப் பார்க்காமலேயே மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். இரண்டு வேக மோட்டாரில் மெதுவான ஓட்டத்துக்கு உள்ளே மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்துபோவது உண்டுதான். ஆனால் அளந்து பார்க்காமல் அதைச் சொல்வது வேலையில் சேராது. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து, அப்பாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். வயதானவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, மெதுவான ஓட்டத்துக்கான முனைக்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கம்பி கொடுத்தார். வைப்பர் அழகாக ஓடியது. "மோட்டாரில் குறையில்லை தம்பி, ஸ்விட்சைப் பார்ப்போம்" என்றார்.

வைப்பரை அணைத்த பிறகும் அது கீழே வந்து படுக்கும் வரை மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் சுழல்தகடு வழியாக வரும் அந்த மின்சாரம், ஸ்விட்சின் வழியாக வந்து மெதுவான ஓட்டத்துக்கான கம்பியிலேயே போகிறது. ஆகவே ஸ்விட்சில் அந்த ஒரு தொடர்பு கெட்டால் மெதுவான ஓட்டமும் போகும், வைப்பர் பாதியிலும் நிற்கும். நான் இரண்டு கோளாறு என்று நினைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் தண்டிலிருந்து ஸ்விட்சை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, அதற்குள்ளேயே மூடியைத் திறந்தார். ஏன் என்று உடனே புரிந்தது: மிளகளவு எஃகுக் குண்டு ஒன்று சுருள்வில்லின் வேகத்தில் துள்ளிப் பையின் மூலையில் விழுந்தது. நெம்புகோல் ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று நிற்பது அந்தக் குண்டால்தான். அது தொலைந்தால் ஸ்விட்சே வீண்.

உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. செம்புத் தகட்டின் ஓர் ஓரம் கருகி, தொட்டால் விரலில் கரி ஒட்டியது. ஸ்விட்சுக்குப் பதிலாக அதிக மின்சாரத்தைச் சுமக்கும் ரிலே இந்தக் காரில் கிடையாது; மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இந்தச் சின்னத் தகட்டின் வழியாகத்தான் போகிறது. பழைய கிரீஸைத் துடைத்து, மிக நைசான உப்புத்தாளால் கரியை மெல்ல நீக்கினார். தளர்ந்திருந்த தகட்டை இடுக்கியால் சற்றே தூக்கிவிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொரு நிலையையும் சரிபார்த்த பிறகுதான் மூடினார். விறைத்துப்போன வைப்பர் ரப்பரையும் மாற்றச் சொன்னார். அது கண்ணாடியில் இழுபட்டால் மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கும், தகடு மறுபடி கருகும்.

வீடு திரும்பும்போது நல்ல மழை. அப்பாதான் ஓட்டினார். ஒருமுறை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தார். வைப்பர் நிதானமாகக் கீழே வந்து படுத்தது. விட்டுவிட்டு ஓடும் நிலை மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்கான மின்னணுப் பகுதி தனியாக இருக்கிறதாம். அடுத்த விடுப்பில் அந்த எலக்ட்ரீஷியனிடமே காரை விடப்போகிறேன்.