மங்குக்கு லேசரா, கிரீமா? இரண்டையும் பார்த்தபின் நான் நின்ற பக்கம்

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் என் கன்னங்களில் மங்கு விழுந்தது. முதலில் காப்பிப்பொடியைக் கரைத்துத் தடவியதுபோல் லேசாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் கண்ணுக்குக் கீழிருந்து மேலுதடு வரை இறங்கிவிட்டது. அதிலும் வலக்கன்னம் ஒரு படி கூடுதல் கருப்பு. காரணம் பிடிபட வெகுநாள் ஆனது. மதுரையில் என் வீடு தெற்கே, வேலை பார்க்கும் பள்ளி வடக்கே. காலையில் ஸ்கூட்டியில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு வெயில் வலக்கன்னத்தில் அடிக்கும். மாலையில் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலக்கன்னத்தில்தான் விழும்.

ஐந்து வருடமாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நானே போட்டுக் கெட்டது, மதினி செய்துகொண்டது, இப்போது நான் தொடர்வது என்று மூன்று வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெதுவாக வேலை செய்யும் கிரீம், கூடவே நிறம் கலந்த சன்ஸ்கிரீன்.

ஒப்பிடுவதற்கு முன்னால், முகத்தில் இருப்பது எது என்று தெரியவேண்டும். சூரியப்புள்ளி என்பது ஓரம் வெட்டினாற்போலத் தெளிவாக, பருப்பளவில், தனித்தனியாக இருக்கும். நெற்றிப்பொட்டு, புறங்கை என்று வருடக்கணக்கில் வெயில் பட்ட இடத்தில் வரும். மங்கு அப்படி இல்லை. ஓரம் கலைந்து, இரண்டு கன்னத்திலும் ஜோடியாக, நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு, வெயில் எல்லாம் சேர்ந்து கிளப்புவது அது. பரு வந்துபோன இடத்துக் கறை மூன்றாவது ரகம். தனிப் புள்ளிக்கு லேசர் நன்றாகவே கேட்கும். என் சித்தப்பாவுக்குப் பொட்டோரம் இருந்த ஒரு புள்ளி இரண்டே முறையில் போனது. எனக்குத் தெரிந்தது அந்த ஒருவர் கதைதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன். கீழே சொல்வதெல்லாம் மங்கு பற்றியது.

எலுமிச்சைச் சாறு, கடையில் பெயர் தெரியாத டப்பாவில் விற்கும் சிவப்பழகு கிரீம் இரண்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை பூசிய தோலில் வெயில் பட்டால் புண்ணாகி இன்னும் கறுக்கும். அந்த டப்பா கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

நான் முதலில் தவறியது மருந்துக்கடை டியூப்பில். மங்குக்கு என்று கேட்டதும் சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தது அது. இந்த மூன்று மருந்துக் கூட்டை 1975இல் அமெரிக்காவில் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் தன் கூட்டாளியோடு எழுதிவைத்தார். மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் போடவேண்டிய நல்ல மருந்துதான். நான் ஆறு மாதம் போட்டேன். மூன்றாவது வாரமே முகம் பளிச்சென்று ஆனதால் நிறுத்த மனம் வரவில்லை. அப்புறம் கன்னத்தில் நூல்நூலாகச் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது, தாடையில் பூனைமுடி வளர்ந்தது. பயந்து நிறுத்தினால், பத்து நாள் முகம் தீயில் காட்டியதுபோல் எரிந்தது. மங்கு முன்னைவிடக் கருப்பாகத் திரும்பியது. 2018இலேயே அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த டியூப்பைக் கையில் வாங்கியிருக்கமாட்டேன்.

மதினி லேசர் பக்கம் போனார். மாதம் ஒருமுறை, நான்கு முறை. ஒரு தடவைக்கு நாலாயிரம் ரூபாய். வலி அதிகமில்லை, ரப்பர் பேண்டால் சுண்டுவதுபோல் இருக்கும் என்றார். மூன்றாவது முறைக்குப் பின் முகம் நிஜமாகவே தெளிந்தது, அதை மறைக்கமாட்டேன். கையில் ஒரு கல்யாணம் இருந்து, மூன்று மாதத்தில் பலன் வேண்டும் என்றால் அந்த வேகத்துக்குக் கிரீம் ஈடாகாது. ஆனால் லேசர் செய்வது ஏற்கெனவே தோலில் சேர்ந்த நிறமியை உடைப்பது. நிறமியைச் சுரக்கும் செல் அங்கேயே, அதே சுறுசுறுப்போடு இருக்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரின் சூடே அந்தச் செல்லைக் கிளப்பிவிட்டு, சிகிச்சை கொடுத்த இடமே கறுத்துப்போகும் அபாயமும் உண்டு. மதினிக்கு அப்படி ஆகவில்லை. சித்திரைத் திருவிழாவில் தேர் பார்க்க மாசி வீதியில் காலை முழுக்க நின்றார். அந்த மாதம் முழுவதும் அலைச்சல்தான். ஆடி பிறப்பதற்குள் இரண்டு கன்னத்திலும் பழைய இடத்திலேயே, பழைய வடிவத்திலேயே மங்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

எனக்குத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது அசெலாயிக் ஆசிட் 20 சதவீதக் கிரீம். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதும் காய்ந்தபின், மொச்சை அளவு எடுத்துத் தடவவேண்டும். முதல் மூன்று வாரம் தடவியதும் சுறுசுறுவென்று ஊசி குத்தும், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். நிறமி உற்பத்தியாகிற இடத்திலேயே கைவைக்கிற மருந்து இது என்பதால் பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகிறது. மாசமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் மருத்துவர்கள் தயங்காமல் எழுதுவது இதைத்தான். டிரெட்டினாயின் அந்தச் சமயத்தில் ஆகாது. நாளுக்கு நாள் கண்ணாடியில் பார்த்தால் மாற்றமே தெரியாது. நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை அதே ஜன்னலோரம் நின்று போட்டோ எடுத்தேன். மூன்றாவது போட்டோவில்தான் மேலுதடு வெளுத்திருப்பது தெரிந்தது.

இதுவரை சொன்னது மங்கைப் போக்குவது பற்றி. எதை வைத்துப் போக்கினாலும் அது திரும்பி வரப் பார்க்கும். அதனால் போன மங்கைத் திரும்பவிடாமல் வைப்பதற்கு எந்த வழியில் குறைந்த பாடு என்பதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

நான் முதல் இரண்டு வருடமும் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எஸ்.பி.எஃப். 50, பி.ஏ. பக்கத்தில் நாலு பிளஸ். அப்படியும் மங்கு அசையவில்லை. ஏன் என்று மருத்துவர் விளக்கினார். எஸ்.பி.எஃப். தோல் கன்றவைக்கும் கதிரை அளக்கிறது, பி.ஏ. இன்னொரு புறஊதாக் கதிரை அளக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இந்த இரண்டு கணக்கிலும் வராது. வெறும் வெளிச்சமே, அதிலும் அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலைக் கறுக்கவைக்கிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வில் கருந்தோல்காரர்களுக்குக் கறுத்தது, வெள்ளைத்தோல்காரர்களுக்குக் கறுக்கவில்லை. வகுப்பறை ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அந்த வெளிச்சம் வரும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை விட்டுவிடும்.

அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. நிறம் கலந்த சன்ஸ்கிரீனில் இருக்கும் பழுப்பும் மஞ்சளும் அதுதான். கோயில் மதிலில் அடிக்கிற காவியின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். மதிலுக்கு அடிப்பதை முகத்தில் தடவக்கூடாது, முகத்துக்கென்று சுத்தம் செய்து கலந்ததைத்தான் போடவேண்டும். டியூப்பின் பின்பக்கப் பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் மாற்றிய ஒரே பொருள் இது. அடுத்த கோடையில் என் வலக்கன்னம் கறுக்கவில்லை.

அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை கோடு இழுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும், அது ஏறக்குறைய ஒரு கிராமுக்குச் சற்று மேல். காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப்பின் ஒருமுறை. அந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் மூன்று வாரம்தான் வரும். இரண்டு மாதம் வருகிறது என்றால் போடுவது பாதிகூட இல்லை. என் டியூப் எழுநூறு ரூபாய், ஆக மாதம் ஆயிரம். அசெலாயிக் ஆசிட் மாதம் இருநூற்றுச் சொச்சம்.

லேசர்க்காரர்களுக்கும் இந்த ஆயிரம் ரூபாய் செலவு உண்டு. லேசர் முடிந்த தோலுக்கு வெளிச்சத்திலிருந்து காப்பு இன்னும் கூடுதலாகவே தேவை. மதினிக்குப் பதினாறாயிரம் செலவானபின்னும் அந்த டியூப்பை வாங்கியே ஆகவேண்டியிருந்தது, வாங்காததால்தான் திரும்பியது. எப்படியும் தினமும் பூசித்தான் தீரவேண்டும் என்றால், லேசருக்குத் தனியாகக் காசைக் கொட்டுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

நிறம் கலந்த சன்ஸ்கிரீனில் தொல்லைகளும் உண்டு. வெள்ளைச் சுடிதார் கழுத்தில் காவிக்கறை பிடிக்கும், உடனே சோப்புப் போட்டுக் கசக்கிவிடவேண்டும். ஹெல்மெட் நாடாவில் ஒட்டும். வியர்த்தால் துடைக்கக்கூடாது, கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே போடவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை நிறம்தான். பல கம்பெனிகள் ஒரே ஒரு வெளிர் நிறத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பொருந்தும் என்கின்றன. நம் முகத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் நிற்கிறது. நான் மூன்று டியூப் வாங்கி வீணாக்கியபின்தான் நாலாவது பொருந்தியது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாயில் அதிக உதிரப்போக்குக்குக் கொடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டைக் குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் இரண்டு வேளை, மங்குக்கும் கொடுக்கிறார்கள். ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டது என்பதால் காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. நான் சாப்பிட்டதில்லை. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் மூன்று மாதம் சாப்பிட்டு நன்றாகத் தெளிந்தார், நிறுத்தி ஆறு மாதத்தில் பாதி திரும்பியது. அவர் சன்ஸ்கிரீன் எப்படிப் போட்டார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் மாத்திரைமேல் பழி போடமாட்டேன்.

இப்போது பங்குனி முதல் ஆடி வரை அசெலாயிக் ஆசிட் தினமும், மற்ற மாதங்களில் வாரம் மூன்று இரவு. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மழை நாளிலும் உண்டு. வலக்கன்னத்தில் இன்னும் ஒரு தடம் இருக்கிறது, ஜன்னலோரம் முகத்தைத் திருப்பினால் தெரியும்.

போன மாதம் மதினி டியூப் வாங்கக் கிளம்பியபோது கூடவே போனேன். கடைக்குள் டியூப்லைட்டில் எல்லா நிறமும் பொருந்துவதுபோல்தான் தெரிந்தது. “மதினி, வெளிய வாங்க, வெயில்ல பாத்துருவோம்” என்று வாசலுக்குக் கூட்டிவந்து, தாடையோரம் இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பக்கத்தில் தடவி ஐந்து நிமிடம் காயவிட்டோம். ஒன்று சாம்பலாக நின்றது. இன்னொன்று தோலோடு கலந்து எங்கே தடவினோம் என்றே தெரியவில்லை. அதை வாங்கிக்கொண்டோம்.