பிரேக் ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பதற்கு முன்

டாஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு சிவப்பு விளக்கு எரிந்ததும் பலர் ஒரு டப்பா பிரேக் ஆயில் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். ஆயில் ஏன் இறங்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். லிவரை இறக்கிய பிறகும் எரிந்தால், கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்துங்கள். அப்போது அணைந்தால் லிவரின் அடியில் உள்ள ஸ்விட்ச்தான் காரணம். சின்ன வேலை.

அது இல்லையென்றால் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவில் (ரிசர்வாயர்) அளவைப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிரேக் பேட் (சக்கர டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேயத் தேய அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். அதாவது, பல மாதங்களில் மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் பேட் தேய்மானம்தான். புது பேட்டில் ஏறக்குறைய 10 மி.மீ. லைனிங் (தேயும் பகுதி) இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் வெளிப்பக்க பேடை மட்டும்தான் பார்க்கிறார்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின் (கம்பி) இறுகிப்போன வண்டியில் உள்பக்க பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும், வெளிப்பக்கம் பாதி மிச்சமிருக்கும். வீலைக் கழற்றாமல் இது தெரியாது. தேய்ந்த பேடோடு டப்பாவின் மேக்ஸ் (MAX) கோடு வரை ஊற்றினால் இன்னொரு தொல்லை: புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டைத் தின்னும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் விளக்கு மின்னி மறைகிறதா? அளவு மினிமம் (MIN) கோட்டருகே வந்துவிட்டது, ஆயில் அலையும்போது விளக்கை எரியவைக்கும் மிதவை தாழ்கிறது.

சில நாளிலேயே அளவு இறங்கினால் கசிவு. பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ரப்பர் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். வெளியே எங்கும் ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) பின்பக்க சீல் வழியாக, பெடல் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டருக்குள் போயிருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்சுக்கும் அதே டப்பாதான். பிரேக் முழுவதையும் தேடிவிட்டு கடைசியில் கிளட்ச் சிலிண்டரில் கசிவைக் கண்டுபிடிக்கும் கதை ஒர்க்‌ஷாப்பில் சகஜம்.

மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போனால் அளவு இறங்காது, விளக்கும் எரியாமல் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் 30 விநாடி பிடியுங்கள். மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள்.

மஞ்சள் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். பெரும்பாலும் வீல் சென்சார் கோளாறு. சிவப்பும் சேர்ந்து எரிந்தால் இ.பி.டி.யும் (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) போயிருக்கலாம், சடன் பிரேக்கில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும் ஓட்டலாம். சிவப்பு எரிந்து பெடலும் பஞ்சுபோல் இறங்கினால் அதுவும் வேண்டாம், டோ வண்டிதான்.

ஆயில் விஷயத்தில் ரிசர்வாயர் மூடியில் எழுதியிருப்பதையே வாங்குங்கள். டாட் 4 (DOT 4) என்ற தர ஆயில் ஈரம் உறிஞ்சாதபோது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155தான். மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம், இதற்கு எந்த விளக்கும் எரியாது. கம்பெனி கையேட்டில் வேறு கணக்கு இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றி, குழாயில் உள்ள ஏர் எடுக்கச் சொல்லுங்கள். திறந்து மாதக்கணக்கில் வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள்.