வாரத்துக்கான முட்டை மஃபின்: ஓவனா, பணியாரச் சட்டியா, இட்லிக் கொப்பரையா?

முட்டை மஃபினை எதில் செய்தால் நன்றாக வரும் என்ற கேள்விக்கு, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் கிடைக்கும் சுவையை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சூடாகச் சாப்பிடும்போது எந்த முறையில் செய்ததும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், வாரம் முழுவதும் மதிய உணவுக்கு எடுத்துச் செல்வதற்காகச் செய்யும் பண்டத்துக்கு அளவுகோல் வேறு. புதன்கிழமை ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது அடியில் தண்ணீர் தேங்காமல், ரப்பரைப் போல இழுபடாமல், கவிச்சி வீசாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன், பணியாரச் சட்டி, இட்லிக் கொப்பரை ஆகிய மூன்றிலும் மாற்றி மாற்றிச் செய்து வருகிறோம். அந்த அனுபவத்தை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

மூன்றுக்கும் கலவை ஒன்றுதான். பத்து முட்டை, 100 மில்லி பால், முக்கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், ஒன்றரைக் கோப்பை வதக்கிய காய், கைப்பிடி துருவிய பன்னீர். காயை வதக்காமல் பச்சையாகச் சேர்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. குடைமிளகாய், காளான், கீரை, தக்காளி எல்லாமே வேகும்போது நீர் விடும். அந்த நீர் முட்டைக்குள் சிக்கிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் இருக்கும்போது மெல்லக் கசிந்து வெளியே வரும். எனவே சின்ன வெங்காயத்தோடு காயைச் சேர்த்து, சட்டியில் ஈரம் தெரியாத அளவுக்கு வதக்கி, ஆறவைத்த பிறகே முட்டையில் சேர்க்க வேண்டும். தக்காளியாக இருந்தால் விதைப் பகுதியை எடுத்துவிடுவது நல்லது.

முட்டையின் வெண்கரு ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸிலும் மஞ்சள் கரு அதற்குச் சற்று மேலும் கெட்டிப்படத் தொடங்குகின்றன. உள்பகுதி 71 டிகிரியை எட்டிவிட்டால் பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு மேலும் சூடு ஏறிக்கொண்டே போனால் முட்டையின் புரதம் இறுகி, தான் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது. டப்பாவின் அடியில் தேங்கும் தண்ணீருக்கும், கடித்தால் நறநறக்கும் இறுக்கத்துக்கும் இதுவே முக்கியக் காரணம் என்பதால், சூட்டை எந்த அளவுக்கு நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு முறையையும் எடைபோட வேண்டும்.

ஓவனில் இந்தக் கட்டுப்பாடு அதிகம். சமையல் குறிப்புகளில் 180 டிகிரி என்று போட்டிருப்பதைக் காணலாம். நான் 160 டிகிரியில் 22 நிமிடம் வைக்கிறேன். 180 டிகிரியில் ஓரம் பழுப்பேறி அழகாக உப்பி வரும் மஃபின், வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் அமுங்கிச் சுருங்கிவிடுகிறது. உள்ளே விரிந்திருந்த நீராவியும் காற்றும் ஆறும்போது சுருங்குவதால் ஓரளவு அமுங்குவது இயல்புதான்; குறைந்த சூட்டில் சுட்டால் அந்த அமுக்கம் குறைகிறது, நடுப்பகுதியும் இளகலாக நிற்கிறது. ஓவனின் உலர்ந்த சூட்டில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிவிடுவதால், மூன்றாம் நாளும் டப்பா உலர்ந்தே இருக்கிறது. குறைகளும் உண்டு. சிறிய ஓவனில் ஆறு குழித் தட்டுதான் வசதியாக அமரும் என்பதால் பத்து முட்டைக் கலவைக்கு இரண்டு முறை சுட வேண்டும். முன்சூடு பத்து நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். தட்டில் முட்டை ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. காகிதக் கப் போட்டால் பாதி முட்டை காகிதத்தோடு உரிந்து வந்துவிடும். சிலிக்கான் அச்சில் எண்ணெய் தடவி ஊற்றினால், கத்தி முனையை ஓரத்தில் விடாமலேயே, அடியிலிருந்து விரலால் அழுத்தினால் முழுதாகக் கழன்று வருகிறது.

இட்லிக் கொப்பரையின் பெரிய பலம் வேகம். நான்கு தட்டு, பதினாறு குழி. பத்து முட்டையும் ஏறக்குறைய ஒரே ஈட்டில் முடிந்துவிடும், எண்ணெயும் தடவும் அளவுக்குத்தான். குழியில் துளையுள்ள தட்டாக இருந்தால் கலவை ஒழுகிவிடும் என்பதால், துளையில்லாத தட்டோ சிறு கிண்ணங்களோ வேண்டும். இட்லிக்கு வைப்பதுபோலத் தீயைத் தூக்கிவைத்தால் முட்டை கொதித்து, பஞ்சு போலத் துளை விழுந்துவிடும். சிறு தீயில், மூடியைச் சற்றே விலக்கி வைத்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்தால், கரண்டி பட்டாலே உடையும் மென்மை வருகிறது. சூடாகச் சாப்பிட இதைவிட நல்லதை நான் கண்டதில்லை. ஆனால் மூடியிலிருந்தும் மேல்தட்டின் அடியிலிருந்தும் சொட்டும் நீர் முட்டையின் மேல் தேங்குகிறது. மூடியைத் துணியால் சுற்றியும், வெந்தபின் தட்டில் பரப்பி ஈரம் துடைத்தும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது, புதன்கிழமை டப்பாவைச் சாய்த்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஓடியது. வாரத்துக்கான முறையாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நாளைக்கு மட்டும் செய்பவர்களுக்கு இதுவே எளிது.

பணியாரச் சட்டியில் சூடு அடியிலிருந்து நேராக ஏறுகிறது. எண்ணெயும் ஒரு குழிக்கு அரைத் தேக்கரண்டி வரை கேட்கும். பன்னிரண்டு குழிச் சட்டியில் மூன்று ஈடு ஊற்ற வேண்டும், பக்கத்திலேயே நின்று குச்சியால் திருப்பிப் போட வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் நான் இதைக் கைவிடாததற்குக் காரணம், சூடுபடுத்தாமல் சாப்பிடும்போதும் சுவையாக இருப்பது இது ஒன்றுதான் என்பதே. இருபுறமும் சிவந்த தோலும் கறிவேப்பிலை வாசமும் கவிச்சியை மறைத்துவிடுகின்றன. மைக்ரோவேவ் இல்லாத அலுவலகத்துக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் டப்பாவுக்கும் ஓவன் மஃபினைவிட இதுவே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். சிறியதாக இருப்பதால் விரைவில் ஆறிவிடும். அதே காரணத்தால் மூன்றாம் நாளில் சற்று உலர்ந்தும் போகும். கலவையில் பன்னீரின் அளவை இரட்டிப்பாக்கினால் அந்த உலர்ச்சி தெரிவதில்லை.

மூன்றுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: சமைத்த முட்டை ஃப்ரிட்ஜில் மூன்று முதல் நான்கு நாள்தான் தாங்கும். எனவே, ஞாயிறு மாலை செய்தது திங்கள் முதல் புதன் வரைக்கும்தான்; வியாழன், வெள்ளிக்கு உரியதை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும்போதுதான் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. இட்லித் தட்டில் வெந்தது உருகியதும் பிழிந்த பஞ்சு போலாகிவிடுகிறது, பணியாரம் பரவாயில்லை, ஓவனில் சுட்டது ஏறக்குறைய மாறாமல் மீள்கிறது. வைப்பதற்கு முன் வலைத்தட்டில் அரை மணி நேரம் திறந்தபடி ஆறவிட்டு, ஆவி அடங்கிய பிறகே மூடுவது அவசியம். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த துளிகள் திரும்ப முட்டையின் மேலேயே விழும்.

வெளியில் வைக்கும் நேரத்திலும் கவனம் தேவை. சமைத்த முட்டையை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புபவர்கள் வெப்பம் புகாத பையில் ஐஸ் பேக்கோடு எடுத்துச் சென்று, அலுவலகம் சேர்ந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஓவன் மஃபினை மதியம் சூடுபடுத்தும்போது மைக்ரோவேவை முழு வேகத்தில் ஓட்டாமல், ஈரமான டிஷ்யூவால் மூடி, பாதி வேகத்தில் ஒரு நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பி, உள்ளே ஆவி பறக்கும்வரை சுட வைத்தால், ஓரம் இறுகாமல் நடுப்பகுதி வரை சூடேறிவிடும்.